குயவன் வந்தான், ஆசிரியர் வந்தார்

போன வாரம் மதுரையிலிருந்து பேத்தி போன் செய்தாள். ஐந்தாம் வகுப்பு, ஆங்கில வழி. மறுநாள் பரீட்சையாம். "தாத்தா, ப்ரொநவுன்னா தமிழ்ல என்ன?" என்று கேட்டாள்.

முப்பத்து மூன்று வருஷம் தொடக்கப் பள்ளியில் இதைச் சொல்லிக்கொடுத்தவன் நான். யோசிக்கவே இல்லை. "பெயர்ச்சொல்லுக்குப் பதிலாக வருவது பிரதிப்பெயர்ச்சொல்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. எழுதிக்கொண்டாள். ஆனால் போனை வைக்கவில்லை.

"அப்ப 'நான்'ங்கறது எதுக்குப் பதிலா வருது தாத்தா? என் பேரைச் சொல்லி நானே பேசினா எல்லாரும் சிரிப்பாங்கள்ல?"

நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். பாட்டிதான் போனை வாங்கி வேறு ஏதோ பேசி முடித்தாள். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. பேத்தியின் கேள்வியோடு சேர்ந்து இரண்டு பழைய விஷயங்கள் நினைவுக்கு வந்தன. ஒன்று, எங்கள் திருச்சுழியில் பிறந்த ஒரு பையன் 1896-ல் எழுதிவைத்துவிட்டுப் போன ஒரு துண்டுக் காகிதம். மற்றொன்று, என் வகுப்பில் ஒரு பெண் குழந்தையின் நோட்டில் நான் சிவப்பு மையால் போட்ட ஒரு தப்புக் குறி. இரண்டையும் சேர்த்து எழுதிவைக்கலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் பேத்தியின் கேள்வியை எடுத்துக்கொள்வோம். 'பெயருக்குப் பதில்' என்பது ஆங்கிலச் சொல்லின் பொருள். அது லத்தீனிலிருந்து வந்தது. வெள்ளைக்காரர் காலத்துப் பள்ளிக்கூடங்களில் ஆங்கில இலக்கணம் நடத்தியபோது அந்த விளக்கமும் கூடவே வந்து தமிழ் வகுப்பிலும் உட்கார்ந்துகொண்டது. தமிழ் இலக்கணத்தில் இதற்கு வேறு பாதை இருந்தது. தன்மை, முன்னிலை, படர்க்கை என்று மூன்றாகப் பிரித்தார்கள். மூன்றுக்கும் பொதுவாக 'இடம்' என்று பெயர் வைத்தார்கள். மூவிடப்பெயர் என்று இன்றைக்கும் பாடப்புத்தகத்தில் இருக்கிறதே, அதுதான்.

இந்த 'இடம்' என்ற சொல்லை நான் வேலையில் இருந்த காலத்தில் கவனித்ததே இல்லை. ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் சொல், நாடகத்தில் போட்டுக்கொள்ளும் முகமூடியைக் குறித்த லத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். வடமொழியில் 'புருஷன்' என்கிறார்கள். அதிலும் நாம் தன்மை என்பது அங்கே உத்தம புருஷன், படர்க்கை என்பது பிரதம புருஷன். தமிழ்க்காரர் ஆளையும் சொல்லவில்லை, முகமூடியையும் சொல்லவில்லை. நிற்கிற இடத்தைச் சொன்னார்கள். பேசுகிறவர் நிற்கும் இடம், கேட்கிறவர் நிற்கும் இடம், இரண்டு பேரும் பேச்சில் எடுத்துக்கொள்ளும் மற்றவர் நிற்கும் இடம். பெயர் ஒருவரோடு ஒட்டிக்கொண்டு போகும். 'நான்' யாரோடும் ஒட்டாது. யார் பேசுகிறாரோ அவரிடம் போகும், அவர் நிறுத்தியதும் அடுத்தவரிடம் போகும். பேத்திக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான். 'நான்' எந்தப் பெயருக்கும் பதில் இல்லை, அது ஒரு இடம்.

'நான்' என்ற சொல்லுக்கே ஒரு சரித்திரம் உண்டு. தொல்காப்பியத்தில் தன்மைப் பெயராக யான், யாம், நாம் இருக்கின்றன. 'நான்' இல்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூல் எழுதும்போது யானோடு நானும் பட்டியலில் சேர்ந்துவிட்டது. இன்றைக்கு 'யான்' என்று பேசினால் பட்டிமன்றம் என்று நினைத்துக்கொள்வார்கள். இன்னொன்று. தொல்காப்பியர் தன்மையை உயர்திணையோடு வைக்கிறார். வாய் திறந்து 'யான்' என்று சொல்லிவிட்டால் உயர்திணைதான்.

இப்போது எங்கள் ஊர்ப் பையனின் கதைக்கு வருகிறேன்.

அருப்புக்கோட்டையிலிருந்து நரிக்குடி போகிற வழியில் இருக்கிறது திருச்சுழி. பக்கத்தில் குண்டாறு. பேர்தான் ஆறு, வருஷத்தில் பாதிநாள் மணல்தான். சுற்றிலும் மானாவாரி நிலம். மழை பெய்தால் கம்பும் பருத்தியும் மிளகாயும், பெய்யாவிட்டால் சீமைக் கருவேல முள்ளை வெட்டிக் கரிமூட்டம். ஊர் நடுவில் திருமேனிநாதர் கோயில், அம்மன் துணைமாலை நாயகி. சுந்தரர் தேவாரம் பாடிய தலம். கோயிலுக்குப் பக்கத்துக் கார்த்திகை வீதியில் வக்கீல் தொழில் பார்த்த சுந்தரமய்யர் வீட்டில் 1879 டிசம்பர் 30 பின்னிரவில் ஒரு ஆண் குழந்தை பிறந்தது. பெயர் வேங்கடராமன். பின்னால் ரமண மகரிஷி என்று உலகம் அறிந்தவர். அந்த வீடு இப்போது சுந்தர மந்திரம் என்ற பெயரில் இருக்கிறது.

நான் ஆன்மிகம் எழுத வரவில்லை. அதற்கு என்னைவிடத் தகுதியானவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இலக்கணம் சொல்லிக்கொடுத்த வாத்தியாராகப் பார்க்கும்போது அந்தப் பையனின் கதையில் ஒன்று கண்ணில் படுகிறது. அதை மட்டும் சொல்கிறேன்.

பையன் ஆரம்பப் படிப்பைத் திருச்சுழியில் படித்தான். பிறகு கொஞ்ச நாள் திண்டுக்கல். 1892-ல் தகப்பனார் காலமானார். பையனும் அண்ணன் நாகசாமியும் மதுரையில் சித்தப்பா வீட்டில் தங்கிப் படித்தார்கள். அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளி. 1896 ஜூலை நடுவில் அந்த வீட்டு மாடியில் அவனுக்கு மரண பயம் வந்ததும், அதன்பின் படிப்பில் மனம் ஒட்டாமல் போனதும் பலரும் அறிந்த கதை.

அந்த ஆகஸ்ட் 29, சனிக்கிழமை. ஆங்கில இலக்கணப் பாடத்தைச் சரியாகப் படிக்காததற்குத் தண்டனையாக, அதே பாடத்தை மூன்று முறை எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார் வாத்தியார். புத்தகம் பெயின் எழுதிய இலக்கணம். அலெக்சாண்டர் பெயின் ஸ்காட்லாந்துக்காரர், அபர்டீன் பல்கலைக்கழகப் பேராசிரியர். மனம் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பற்றிப் பெரிய புத்தகங்கள் எழுதியவர். 1876-ல் 'மைண்ட்' என்ற ஆராய்ச்சிப் பத்திரிகையை ஆரம்பித்து வைத்தவரும் அவர்தான். மனத்தை ஆராய்ந்த ஒருவரின் இலக்கணப் புத்தகத்தைத்தான், மனத்தின் வேரைத் தேடப் போகிற பையன் காப்பி எழுதிக்கொண்டிருந்தான். இதை யாரும் திட்டமிட்டு ஏற்பாடு செய்திருக்க முடியாது.

இரண்டு முறை எழுதியாயிற்று. மூன்றாவது முறை எழுதும்போது வெறுத்துப்போய்த் தாளைத் தள்ளிவைத்துவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டான். பார்த்துக்கொண்டிருந்த அண்ணனுக்குக் கோபம். இப்படி இருக்கிறவனுக்கு இந்தப் படிப்பும் வீடும் எதற்கு என்கிற மாதிரி ஒரு வார்த்தை சொன்னார். எதிரில் உட்கார்ந்திருப்பவனிடம் 'உனக்கு' என்று சொல்லவில்லை, 'அவனுக்கு' என்கிற பாணியில் சொன்னார். முன்னிலையில் இருக்கிற ஆளைப் படர்க்கையில் தள்ளிப் பேசுவது நம் வீடுகளில் இன்றைக்கும் கோபத்தின் அடையாளம்தான். மாமியார் மருமகள் சண்டையில் கேட்டிருப்பீர்கள்.

அந்த வார்த்தை பையனுக்குள் போய்த் தைத்தது. பள்ளியில் சிறப்பு வகுப்பு இருக்கிறது என்று சொல்லி எழுந்தான். அப்படியானால் பெட்டியிலிருந்து ஐந்து ரூபாய் எடுத்துப் போய் என் காலேஜ் சம்பளத்தைக் கட்டிவிடு என்றார் அண்ணன். பையன் பழைய அட்லஸைப் பார்த்தான். திருவண்ணாமலைக்குக் கிட்டத்து ஸ்டேஷன் திண்டிவனம் என்று தெரிந்தது. மூன்று ரூபாய் போதும் என்று கணக்குப் போட்டான். மிச்சம் இரண்டு ரூபாயை ஒரு சீட்டோடு வைத்துவிட்டுப் போனான். (விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்கே ரயில் வந்துவிட்டது அந்தப் பழைய அட்லஸுக்குத் தெரியாது!)

அந்தச் சீட்டுதான் நான் சொல்ல வந்தது. முதல் வாக்கியம் 'நான்' என்று ஆரம்பிக்கிறது. தகப்பனைத் தேடிப் போவதாகச் சொல்கிறது. அடுத்த வாக்கியத்துக்கு வந்தால் 'நான்' காணோம். 'இது' வந்துவிட்டது. இது நல்ல காரியத்தில்தான் இறங்கியிருக்கிறது, யாரும் வருந்த வேண்டாம், இதைத் தேடிப் பணம் செலவழிக்க வேண்டாம் என்று போகிறது. முடிவில் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் பெயர் இல்லை, வெறும் கோடு. அதற்குக் கீழே அண்ணனுக்கு ஒரு வரி: உன் சம்பளம் கட்டவில்லை, இரண்டு ரூபாய் இதோடு இருக்கிறது.

இதையே ஒரு ஐந்தாம் வகுப்பு நோட்டாக நினைத்துப் பாருங்கள். தன்மையில் ஆரம்பித்து நடுவில் அஃறிணைப் படர்க்கைக்குத் தாவினால் நான் வட்டம் போட்டு 'இடவழு', 'திணைவழு' இரண்டும் எழுதியிருப்பேன். ஆனால் பதினாறு வயதுப் பையன் அங்கே பிழை செய்யவில்லை. தான் நின்றிருந்த இடத்திலிருந்து தானே இறங்கிக்கொண்டான். 'நான்' போயிற்று, பெயர் போயிற்று. 'உன்' மட்டும் போகவில்லை. அண்ணனின் சம்பளக் கணக்கு ஒழுங்காக நிற்கிறது.

அதற்கு அப்புறம் அவர் வாழ்க்கை முழுவதும் அந்த ஒரு சொல்தான் பாடம். 1901-02 வாக்கில் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளுக்கு அவர் எழுதிக்காட்டிய பதில்கள் 'நான் யார்?' என்ற சிறு நூலாக 1923-ல் அச்சில் வந்தன. 1928-ல் எழுதிய உள்ளது நாற்பதில் தன்மை, முன்னிலை, படர்க்கை என்று நம் இலக்கணச் சொற்களையே எடுத்து, முதல் ஒன்று இருந்தால்தான் மற்ற இரண்டும் இருக்கும் என்று ஒரு பாட்டில் சொல்கிறார். நாங்கள் மூன்றாம் வகுப்பில் வாய்ப்பாடாகச் சொல்லிக்கொடுத்தது அது.

இனி என் கதை. இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

நான் வேலைக்குச் சேர்ந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். அப்போது இது ராமநாதபுரம் மாவட்டம், விருதுநகர் மாவட்டம் பிரியவில்லை. திருச்சுழி பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஊராட்சி ஒன்றியப் பள்ளி. நாலும் ஐந்தும் ஒரே அறையில், நான் ஒருவனே வாத்தியார். காலாண்டுத் தேர்வுக்குக் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லிக் கரும்பலகையில் எழுதிப்போட்டேன்.

ஆசிரியர் வந்தார். ____ பாடம் நடத்தினார்.
குயவன் வந்தான். ____ பானை செய்தான்.
மாடு வந்தது. ____ புல் தின்றது.

அவர், அவன், அது. நான் படித்தபோது என் வாத்தியாரும் இப்படித்தான் எழுதிப்போட்டார். உழவன், குயவன், வண்ணான், தச்சன் எல்லாம் 'ஆன்'. ஆசிரியர், மருத்துவர், அரசர் எல்லாம் 'ஆர்'. ஒரு நாளும் தோன்றவில்லை.

ஐந்தாம் வகுப்பில் ஒரு பெண். நன்றாகப் படிக்கிற பிள்ளை, பேச்சு குறைவு. இரண்டாவது கேள்விக்கு 'அவர்' என்று எழுதியிருந்தாள். 'செய்தான்' என்று வினை முடியும்போது 'அவர்' எப்படி வரும்? சிவப்பு மையால் தப்புப் போட்டு, பக்கத்தில் 'அவன்' என்று எழுதிக்கொடுத்தேன். இலக்கணப்படி நான் போட்டது சரிதான். இன்றைக்கும் சரிதான். அவள் நோட்டை வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

பொங்கலுக்கு முன்னால் ஒரு நாள் அவள் அப்பா பள்ளிக்கூட வாசலில் சைக்கிளை நிறுத்தினார். சைக்கிளில் வைக்கோல் சுற்றி அடுக்கிய பானைகள். எனக்கென்று ஒரு பொங்கப்பானை எடுத்துவந்திருந்தார். நான் வெளியே போய், "வாங்க வேளாரே, உள்ள வாங்க" என்றேன். எங்கள் பக்கத்தில் மண்பாண்டம் செய்கிறவரை அப்படித்தான் கூப்பிடுவோம். அவருக்கு என் அப்பா வயசு இருக்கும். காசு வாங்க மாட்டேன் என்றார். பேசிக்கொண்டே திரும்பினேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் கரும்பலகை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாசலில் அவர் வேளார். பலகையில் அவர் குயவன். 'வேளார்' என்று நான் கூப்பிட்டபோது அவளுக்கு எவ்வளவு சந்தோஷம் இருந்திருக்குமோ, அவ்வளவு குழப்பமும் இருந்திருக்கும். அவள் 'அவர்' என்று எழுதியது இலக்கணம் தெரியாததால் இல்லை. வாக்கியத்தில் வருகிறவர் யார் என்று அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியவில்லை. தப்பு அவளுடைய விடையில் இல்லை, என்னுடைய வாக்கியத்தில் இருந்தது.

'அவர்' என்பது பழந்தமிழில் பலரைக் குறித்த சொல். ஒருவரை மரியாதைக்காகப் பன்மையில் சொல்வது வழக்கத்தில் வந்த உயர்வுச்சொல், இலக்கண நெறி அல்ல என்று தொல்காப்பியரே சொல்லிவைத்திருக்கிறார். அந்த வழக்கம் ஊன்றிப்போய், பலரைச் சொல்ல 'அவர்கள்' தேவைப்பட்டது. பிறகு அதுவும் மரியாதைச் சொல்லானது: 'தலைமையாசிரியர் அவர்கள்'. நீ, நீர், நீங்கள் என்று முன்னிலையிலும் இதே கதைதான். யாருக்கு ஆர், யாருக்கு ஆன் என்பது இலக்கணம் போட்ட கட்டளை இல்லை. ஊர் போட்ட கட்டளை. ஊர் போட்டதை நான் சாக்பீஸால் பலகையில் எழுதி, அதற்கு மார்க்கும் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பொங்கல் விடுமுறை முடிந்து வந்ததும் பழைய நோட்டுகளை வாங்கினேன். அவளுக்கு மட்டும் மாற்றினால் அவளைத் தனியாக நிறுத்தின மாதிரி ஆகும். அதனால் பலகையில் மூன்று வாக்கியத்தையும் மறுபடி எழுதி, "இதில் சார் ஒரு தப்புப் பண்ணியிருக்கேன், கண்டுபிடிங்க" என்றேன். பையன்கள் எழுத்துப்பிழை தேடினார்கள். மாட்டுக்கு என்ன புல் என்று போடவில்லை என்றான் ஒருவன். கடைசியில் நாலாம் வகுப்புப் பையன் ஒருவன், "சார், உங்களுக்கு மட்டும் 'ர்' போட்டுக்கிட்டீங்க" என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தப் பெண் சிரித்தாளா என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அழித்துவிட்டு, 'மண்பாண்டக் கலைஞர் வந்தார். அவர் பானை செய்தார்' என்று எழுதினேன். அவள் நோட்டில் என் சிவப்பு மையை அடித்துச் சரி போட்டேன்.

அதிலிருந்து மூவிடத்தை வேறு மாதிரி நடத்தினேன். பிள்ளைகளை வட்டமாக நிறுத்தி ஒரு கூழாங்கல்லைக் கொடுப்பேன். கல் வைத்திருப்பவர்தான் 'நான்'. அவர் யாரைப் பார்க்கிறாரோ அவர் 'நீங்கள்'. மற்றவர்கள் 'அவர்'. கல் கைமாறினால் எல்லாம் மாறும். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு முறையாவது மூன்று இடத்திலும் நின்றாக வேண்டும். பிறகு 'நாம்', 'நாங்கள்'. "நாங்க கண்மாய்க்குப் போறோம்" என்றால் கேட்கிறவன் வீட்டிலேயே இருக்க வேண்டியதுதான். "நாம போவோம்" என்றால் அவனும் வரலாம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். தமிழில் ஒருவரைச் சேர்ப்பதும் விடுவதும் ஒரு சொல்லில் தெரிந்துவிடும். ஆட்டத்தில் யாரையும் சேர்க்காமல் விட்டால் அன்று முழுவதும் "சார், இவன் 'நாங்க'ங்கறான்" என்று புகார் வரும். அதைவிட நல்ல பரீட்சை எது?

கடைசியாக ஒன்று. தன்னை 'இது' என்று எழுதிவிட்டுப் போன எங்கள் ஊர்ப் பையன், பின்னாளில் ஆசிரமத்தில் அணிலையும் நாயையும் பசுவையும் ஒருநாளும் 'அது' என்று சொன்னதில்லை, அவன் அவள் என்றே சொல்வார் என்று கூட இருந்தவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். லட்சுமி என்ற பசு 1948-ல் இறந்தபோது மனிதருக்குச் செய்வதுபோல் சமாதி வைத்தார். தன்னை அஃறிணைக்கு இறக்கிக்கொண்டவர் அஃறிணையை எல்லாம் ஏற்றிவைத்தார். தன்மையில் எவ்வளவு வேண்டுமானாலும் நாமே இறங்கிக்கொள்ளலாம், அது நம் இஷ்டம். படர்க்கையில் இருப்பவரை இறக்க நமக்கு உரிமை இல்லை. அவர் அங்கே பதில் சொல்ல நிற்பதில்லை. அவருக்குப் பதிலாக ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு குழந்தை நின்றுகொண்டிருக்கும்.

மறுநாள் பேத்தியைக் கூப்பிட்டு, 'நான்' என்பது ஒரு இடம் என்று சொன்னேன். கூழாங்கல் ஆட்டமும் சொன்னேன். "பரீட்சை முடிஞ்சிருச்சு தாத்தா. 'பெயருக்குப் பதிலா'ன்னே எழுதிட்டேன், மார்க் போட்ருவாங்க" என்றாள். பரவாயில்லை. மே மாத லீவுக்குத் திருச்சுழி வருகிறாள். குண்டாற்றில் கூழாங்கல் நிறையக் கிடக்கிறது.